வால்ஐ ட்ரோலிங்: எந்த ஆழத்துக்கு எந்த ஈயம், எந்த டைவர்?

ஈரி ஏரியில் வால்ஐ மீனை ட்ரோலிங் முறையில், அதாவது ஓடும் படகுக்குப் பின்னால் லூரை (செயற்கை இரையை) இழுத்துப் பிடிக்கப் புதிதாகப் படகு இறக்குபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "25 அடி ஆழத்துக்கு எத்தனை அவுன்ஸ் ஈயம் போடணும்?" வேகம் என்னவென்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மணிக்கு 1 மைல் வேகத்தில் 20 அடித் தண்ணீரில் தரையைத் தட்டிக்கொண்டு போகும் 2 அவுன்ஸ் குண்டு, 2 மைல் வேகத்தில் தரையை விட்டு வெகுவாக மேலே எழும்பிவிடும். டைவர் என்பது தண்ணீரின் தள்ளுவிசையால் லூரைக் கீழே இறக்கும் கருவி. அதன் குணம் வேறு. வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது தன் ஆழத்தை ஓரளவு விடாமல் பிடித்துக்கொள்ளும். அதன் ஆழத்தைத் தீர்மானிப்பது நீங்கள் விட்டிருக்கும் நூலின் நீளம்.

அதனால் முதலில் லூர் கேட்கும் வேகத்தையும் அடுத்து மீன் நிற்கும் ஆழத்தையும் பார்க்க வேண்டும். ஈயமா டைவரா என்ற முடிவு மூன்றாவதாகத்தான் வரும். பலர் ஈயத்தில் தொடங்கி வேகத்தில் முடிக்கிறார்கள். நாள் முழுக்க ஏரியில் சுற்றியும் ஒரு கடி விழாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு வால்ஐ என்றால் பெரும்பாலும் குவின்டே விரிகுடாதான். ஒன்ராறியோவில் இதே மீனைப் பிக்கரல் என்பார்கள். இங்கே சொல்வது ஈரி ஏரியை மனதில் வைத்துத்தான் என்றாலும், இலையுதிர் காலத்தில் பிக்டன் பக்கத்து ஆழங்களில் இழுக்கும்போதும் இதே கணக்கு பொருந்தும்.

ஏரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஈரி ஏரியின் மேற்குப் படுகை சராசரியாக 24 அடி ஆழம்தான். நடுப்படுகையின் சராசரி 60 அடி. கிழக்கே 210 அடி வரை இறங்குகிறது. வால்ஐ வசந்தத்தில் மேற்கே மௌமி, சான்டஸ்கி ஆறுகளிலும் ஏரிக்குள் இருக்கும் கல்திட்டுகளிலும் முட்டையிடும். தண்ணீர் சூடேற ஏற, குறிப்பாகப் பெரிய மீன்கள், கிழக்கு நோக்கி நகரும். ஏப்ரலில் மேற்குப் படுகையின் போர்ட் கிளின்டனில் உதவிய குண்டு ஆகஸ்டில் நடுப்படுகையின் ஆஷ்டபுலாவுக்கு வெளியே உதவாது.

கோடை முற்றும்போது நடுப்படுகையின் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. அடியில் தங்கும் குளிர்ந்த அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். அந்த நாட்களில் 70 அடித் தண்ணீரின் தரையில் ஈயத்தை உருட்டுவது வீண் வேலை. மீன் அந்த அடுக்குக்கு மேலே, நடுத்தண்ணீரில் இருக்கும். டைவர்களுக்கு ஈரியில் இவ்வளவு மவுசு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1980களின் இறுதியில் வந்து பரவிய ஜீப்ரா மட்டி தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்துவிட்டது. தெளிந்த தண்ணீரில் படகின் நிழலும் இன்ஜின் சத்தமும் மேல்மட்டத்து மீனை விலக்கும். ஆகவே லூரைக் கீழே இறக்கினால் மட்டும் போதாது, படகை விட்டுப் பக்கவாட்டில் ஒதுக்கவும் வேண்டும். பிளேனர் போர்டும் (நூலைப் படகிலிருந்து பக்கவாட்டில் இழுத்துப் போகும் மிதவைப் பலகை) பக்கவாட்டில் ஓடும் டைவரும் அதற்காகத்தான்.

முதல் படி: லூர் கேட்கும் வேகம்

பெரிய மண்புழுவைக் கோத்து இழுக்கும் ஹார்னஸ் மணிக்கு 0.8 முதல் 1.4 மைல் வேகத்தில் நன்றாக வேலை செய்யும். அதன் முன்னால் சுழலும் தகடு வட்டமான கொலராடோ வகையென்றால் மெதுவான வேகத்திலும் சுற்றும். ஒடுங்கிய வில்லோ தகடு சுற்றுவதற்குக் கொஞ்சம் வேகம் வேண்டும்.

தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் வசந்த காலத்திலும் கடைசி இலையுதிர் நாட்களிலும் ஹஸ்கி ஜெர்க் போன்ற ஒல்லியான லூர்கள் 1 முதல் 1.5 மைல் வேகத்தில் போக வேண்டும். கோடையில் பாண்டிட், ரீஃப் ரன்னர், ஃபிளிக்கர் ஷாட் போன்ற கிராங்க்பெய்ட்டுகளை (இழுக்கும்போது தானே நீருக்குள் இறங்கி ஆடும் மீன்வடிவ லூர்கள்) 1.8 முதல் 2.5 மைல் வரை இழுக்கலாம். கரண்டி போல வளைந்த உலோகத் தகடான ஸ்பூன் இன்னும் வேகம் கேட்கும்: 2 முதல் 2.8 மைல். அதற்குக் கீழே போனால் ஸ்பூன் புரளாமல் வெறும் தகரமாகத் தொங்கிக்கொண்டு வரும்.

லூரைப் படகின் பக்கத்தில் தண்ணீரில் விட்டு, அது ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பின்னால் விடுங்கள். ஜிபிஎஸ் காட்டுவது படகு தரையைக் கடக்கும் வேகம். நீரோட்டம் இருந்தால் லூர் உணரும் வேகம் வேறாக இருக்கும். ஒரு திசையில் போகும்போது மட்டும் கடி விழுந்து, திரும்பி வரும்போது விழாவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இந்த முதல் படியிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. மெதுவான இழுப்புக்கு ஈயம் ஏற்றது, வேகமான இழுப்புக்கு டைவர். மெதுவாகப் போனால் டைவருக்குக் கீழே இறங்கும் பலம் கிடைக்காது. வேகமாகப் போனால் ஈயம் கீழே நிற்காது. 1.5 மைலை ஒட்டிய வேகங்களில் இரண்டும் வேலை செய்யும், அங்கே உங்கள் வசதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: மீனின் ஆழம்

மீன்காட்டும் கருவியில் வளைவுகள் எந்த ஆழத்தில் தெரிகின்றன என்று பாருங்கள். லூரை அந்த ஆழத்துக்கு அனுப்பாமல் 2 முதல் 5 அடி மேலே ஓட்டுங்கள். வால்ஐ மேலே இருக்கும் இரையைப் பார்த்து எழும்பி வந்து கடிக்கும். தனக்குக் கீழே போவதை அநேகமாகச் சட்டை செய்யாது. மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும் கண் அதற்கு. அதனால் விடியலிலும் அந்தியிலும் மீன் மேலேறி வரும், வெயில் ஏறியதும் இறங்கும். காலை 6 மணிக்குப் பிடித்த ஆழத்திலேயே 11 மணிக்கும் இழுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்று: திரையில் 10 அடியில் மீனே தெரியவில்லை என்பதால் அங்கே மீன் இல்லை என்று ஆகாது. படகு வரும்போது மேல்மட்டத்து மீன் விலகிவிடும், கருவி அனுப்பும் ஒலியின் கூம்பும் அங்கே ஒடுங்கியிருக்கும். காலை வேளைகளில் ஒரு தூண்டில் கோலையாவது போர்டில் மாட்டி மேல்மட்டத்தில் ஓட்டுங்கள்.

மூன்றாம் படி: தரையில் மீன் இருந்தால் பாட்டம் பவுன்சர்

வளைந்த கம்பியில் கோத்த ஈயம்தான் பாட்டம் பவுன்சர். கம்பியின் கீழ்முனை தரையைத் தட்டும். பக்கவாட்டுக் கையில் கட்டிய 3 முதல் 6 அடி நூலில் ஹார்னஸ் பின்னால் மிதந்து வரும். மேற்குப் படுகைக்கு, முக்கியமாக மே கடைசியிலிருந்து, இது மலிவான, நம்பகமான முறை.

எடைக்கு எளிய விதி: 1 மைல் சுமாருக்கு, 10 அடி ஆழத்துக்கு 1 அவுன்ஸ். 20 அடிக்கு 2, 30 அடிக்கு 3. வேகம் கூடினால் அரை அவுன்ஸோ ஒன்றோ கூட்டுங்கள். சரியாக இருக்கிறதா என்பதை நூலின் சாய்வு சொல்லிவிடும்: தண்ணீரோடு ஏறத்தாழ 45 டிகிரி இருக்க வேண்டும். நூல் படகுக்குப் பின்னால் படுத்துப் போனால் எடை போதவில்லை. அந்த நிலையில் மேலும் நூலை விட்டுத் தரையைத் தொட வைக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் பவுன்சர் குப்புற விழுந்து தரையில் இழுபடும், கல்லிடுக்கில் மாட்டும், மட்டி ஓட்டின் விளிம்பு நூலை அறுக்கும். கம்பி விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். அந்தத் தட்டல் கையில் கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

நான்காம் படி: மெதுவான வேகம், நடுத்தண்ணீர்

ஸ்நாப் வெயிட் என்பது சிறு கவ்வியில் தொங்கும் குண்டு. நூலில் எந்த இடத்திலும் கவ்வ வைக்கலாம், மீனை இழுக்கும்போது கழற்றிவிடலாம். சில அடிகளே இறங்கும் ஹஸ்கி ஜெர்க் லூரைக் குளிர்ந்த தண்ணீரில், மெதுவான வேகத்தில், 20 அடியைத் தாண்டிக் கீழே கொண்டுபோக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

தொடங்குவதற்கு 50/50 முறையே போதும். லூரை 50 அடி பின்னால் விடுங்கள், கவ்வியை மாட்டுங்கள், இன்னும் 50 அடி விடுங்கள், பிறகு பிளேனர் போர்டை மாட்டி ஒதுக்குங்கள். ஒவ்வொரு கோலிலும் ஒரே அளவு நூல் இருப்பதால் எடையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்: ஒன்றில் 1 அவுன்ஸ், ஒன்றில் 2, ஒன்றில் 3. எதில் முதலில் இரண்டு மீன் விழுகிறதோ, மற்றவற்றை அதை நோக்கி மாற்றுங்கள். எடையையும் நூலையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

லூருக்கும் குண்டுக்கும் இடையில் 50 அடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தெளிந்த தண்ணீரில் குண்டு மீனின் கண்ணில் படாமல் இருக்க அந்த இடைவெளி உதவும். காற்றடித்துத் தண்ணீர் கலங்கியிருந்தால் 20 அடியே போதும். இதில் இன்னொரு பயனும் உண்டு. அலையில் படகு தயங்கும்போதெல்லாம் குண்டு இறங்கும், முன்னேறும்போது எழும்பும். பின்னால் வரும் லூரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். சோர்ந்திருக்கும் மீன் கடிப்பது பெரும்பாலும் அந்தத் தயக்கத்தில்தான்.

கவ்வி வாங்கும்போது நடுவில் ஊசி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நூலை அந்த ஊசிக்குப் பின்னால் கொண்டுபோய் மூடினால், குண்டு நழுவி ஏரியில் போகாது. போர்டின் தாங்கும் சக்தியையும் கவனியுங்கள். சிறிய போர்டில் 3 அவுன்ஸ் தொங்கவிட்டால், அலை இருக்கும் நாளில் அது தாழ்ந்து பின்வாங்கும், பக்கத்து நூலோடு சிக்கும்.

ஹார்னஸையும் நடுத்தண்ணீரில் ஓட்டலாம். அதற்கு நூலோடு நிரந்தரமாகக் கட்டும் இன்லைன் குண்டு நல்லது: 1 முதல் 2 அவுன்ஸ், அதன் பின்னால் 5 அல்லது 6 அடி நூல். இருபுறமும் சுழலி உள்ள, அடிப்பக்கம் கனத்த வகையாக எடுங்கள். இல்லையென்றால் சுழலும் தகடு மாலைக்குள் நூல் முழுவதையும் முறுக்கிவிடும்.

ஐந்தாம் படி: வேகம் கூடினால் டைவர்

டைவர் கீழ்நோக்கிப் பறக்கும் பட்டம். தண்ணீர் அதன் சாய்ந்த முகத்தில் மோதி அதைக் கீழே தள்ளுகிறது. நூலை விட விட இறங்கும், ஓர் எல்லைக்கு மேல் இறங்காது. காரணம், தண்ணீரில் கிடக்கும் நூலின் இழுவை அதன் தள்ளுவிசையைச் சமன்செய்துவிடும். நூல் மெல்லியதாக இருந்தால் இழுவை குறையும், ஆழம் கூடும்.

ஜெட் டைவர் எளியது. 10, 20, 30, 40, 50 என்று எண்ணிட்டு விற்கிறார்கள்; போதுமான நூல் விட்டால் ஏறத்தாழ அத்தனை அடி இறங்கும் என்பது பொருள். நூல் குறைத்தால் ஆழமும் குறையும், ஆகவே 30ஐ வைத்துக்கொண்டு 15 அடியிலும் ஓட்டலாம். படகை நிறுத்தினால் இது மிதந்து மேலே வந்துவிடும். கல்திட்டுகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி, மீன் விழுந்து படகு தயங்கும்போது மற்ற கோல்கள் தரையில் போய் மாட்டாது. டைவரின் பின்னால் 5 முதல் 6 அடி நூல் விட்டு இலகுவான ஸ்பூனைக் கட்டுங்கள், கனத்த ஸ்பூன் வேண்டாம்.

டிப்சி டைவர் வட்டத்தட்டு. இதன் சிறப்பு, பக்கவாட்டிலும் ஓடும் என்பது. அடித்தட்டைத் திருப்பி 0 முதல் 3 வரை வைக்கலாம். 0 என்றால் நேர்கீழே, அதிக ஆழம். 3 என்றால் படகை விட்டு வெகுவாக விலகும், ஆழம் குறையும். இடப்பக்கக் கோலுக்கு இடப்பக்கமும், வலப்பக்கக் கோலுக்கு வலப்பக்கமும் திருப்ப வேண்டும். மாற்றித் திருப்பினால் இரண்டு டைவரும் படகுக்குக் கீழே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

எண் 1இல் வைத்தால் 2 அடி நூலுக்கு 1 அடி ஆழம், எண் 3இல் வைத்தால் 3 அடி நூலுக்கு 1 அடி ஆழம் என்று பின்னல் நூலுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டுத் தொடங்கலாம். 30 அடியில் லூர் வேண்டுமென்றால் முதலாவதில் 60 அடியும் இரண்டாவதில் 90 அடியும் விடுங்கள். டைவரின் அளவும், சுற்றிலும் மாட்டும் பிளாஸ்டிக் வளையமும் இந்தக் கணக்கை மாற்றும். வளையம் மாட்டினால் இன்னும் இறங்கும்.

டிப்சியில் மிகவும் கவனிக்க வேண்டியது விடுவிப்புத் திருகு. மீன் கடித்ததும் டைவரின் கொக்கி விடுபட்டு, தட்டு படுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சுருட்டுவது சுலபம். வால்ஐ சால்மனைப் போல முரட்டடி அடிக்காது. சால்மனுக்கு இறுக்கியபடி திருகை விட்டால் சிறிய வால்ஐ மாட்டியதே தெரியாமல் அரைமணி நேரம் இழுபட்டுக்கொண்டு வரும், அந்தக் கோல் அதுவரை செத்த கோல். அலை அடித்தால் விடுபடாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கோல்முனை வழக்கமான துடிப்பை விட்டுக் கனத்துப்போய் நின்றால் எடுத்துப் பாருங்கள், மீனோ களையோ இருக்கும்.

டிப்சியின் பின்னால் 6 முதல் 8 அடி, 15 முதல் 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் நூலை லீடராகக் கட்டுங்கள். கோலின் நீளத்தைவிட இது கூடக் கூடாது. கூடினால், டைவர் கோல்முனைக்கு வந்து நின்ற பிறகும் மீன் இன்னும் வலைக்கு எட்டாத தூரத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். பின்னல் நூலுக்கு நெகிழ்வு கிடையாது. அதனால் டைவருக்கும் லீடருக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் ஸ்நப்பர் ஒன்றை மாட்டினால் மெல்லிய வாய்த்தோல் கிழிந்து மீன் தப்புவது குறையும்.

லெட்கோர் பற்றிச் சுருக்கமாக: ஈயக்கம்பியை உள்ளே வைத்துப் பின்னிய நூல். 10 கஜத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்கு 5 அடி சுமாராக இறங்கும். நூலில் எதையும் மாட்டிக் கழற்ற வேண்டியதில்லை என்பது இதன் அழகு. தனிக் கோலும் பெரிய ரீலும் கேட்கும் என்பதால் முதல் வருடத்தில் இது வேண்டாம்.

ஆறாம் படி: நூலும் எண்ணியும்

வெளியே போன நூலை அளக்கும் எண்ணி இல்லாத ரீலில் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. லைன் கவுன்டர் ரீல் வாங்குங்கள், ஒரே மாதிரியாக இரண்டு வாங்குங்கள். சுருளில் நூல் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அதைப் பொறுத்து எண் மாறும். பாதி நிரம்பிய ரீல் 100 என்று காட்டும்போது உண்மையில் அதைவிடக் குறைவாகவே நூல் வெளியே போயிருக்கும். புல்வெளியில் 100 அடி அளந்து இரண்டு ரீலையும் சரிபார்த்துக்கொள்வது ஒரு மாலை வேலை.

கிராங்க்பெய்ட்டுக்கும் ஸ்நாப் வெயிட்டுக்கும் 10 அல்லது 12 பவுண்டு தங்கூசி (மோனோஃபிலமென்ட் நூல்). அதன் நெகிழ்வு மீனைத் தக்கவைக்கும். டிப்சிக்கு 30 பவுண்டு பின்னல் நூல். நெகிழும் நூலில் டைவரைக் கையால் விடுவிப்பது கடினம்.

ஏழாம் படி: தரையில் அளந்து பாருங்கள்

அட்டவணைகள் தொடக்கத்துக்கு உதவும். உங்கள் நூலும் உங்கள் வேகமும் என்ன ஆழம் தருகின்றன என்பதை ஏரியே சொல்லட்டும். மேற்குப் படுகையில் தட்டையான, மண் தரையுள்ள, 20 அடி ஆழம் என்று தெரிந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான வேகத்தில் ஓட்டியபடி நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். லூரோ டைவரோ தரையைக் கிளறும்போது கோல்முனை அதிரும். எண்ணியில் உள்ள எண்ணையும் வேகத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதையே 15 அடியிலும் 25 அடியிலும் செய்தால் உங்களுக்கான அட்டவணை தயார்.

எட்டாம் படி: வரிசையும் திருப்பமும்

சட்டம் எத்தனை கோலை அனுமதிக்கிறது என்பது மாகாணத்துக்கு மாகாணம், நீர்நிலைக்கு நீர்நிலை மாறும். அந்த வருட விதிநூலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் இருக்கும் படகில் நான்கு கோல் அனுமதி என்றால் நான் இப்படி வைப்பேன்: பின்புறம் இருபக்கமும் டிப்சி எண் 1இல், அவற்றுக்கு வெளியே போர்டில் கிராங்க்பெய்ட் ஒவ்வொன்று. ஆழத்தில் இருப்பது உள்ளே, மேலே இருப்பது வெளியே. வெளிக்கோலில் மீன் விழுந்தால் உள்ளே இருக்கும் நூல்களுக்கு மேலாக அதைக் கொண்டுவந்துவிடலாம்.

நேர்கோட்டில் மட்டும் போகாமல் மெல்ல வளைந்து வளைந்து ஓட்டுங்கள். திருப்பத்தில் உள்பக்கத்து லூர் வேகம் குறையும்; ஈயம் என்றால் இறங்கும், ஜெட் என்றால் எழும்பும். வெளிப்பக்கத்து லூர் வேகமெடுக்கும். உள்பக்கத்தில் மட்டும் கடி விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள், வெளிப்பக்கத்தில் விழுந்தால் கூட்டுங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், மீனே சொல்லிவிடுகிறது.

என்ன வாங்குவது?

முதல் பருவத்துக்கு 2, 3 அவுன்ஸ் பவுன்சர் இரண்டிரண்டு, அரை முதல் 3 அவுன்ஸ் வரையிலான ஸ்நாப் வெயிட் ஒரு பெட்டி, ஜெட் 30 இரண்டு, நடுத்தர டிப்சி இரண்டு. எதையும் ஒற்றையாக வாங்காதீர்கள். ஒரு கோலில் மீன் விழும்போது இன்னொன்றை அப்படியே அதே மாதிரி அமைக்க முடிய வேண்டும்.

கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் தடை. லூன் பறவைகள் சிறிய குண்டுகளை விழுங்கி ஈய நஞ்சால் சாகின்றன. சட்டம் கேட்காத இடத்திலும் சிறிய எடைகளை டங்ஸ்டனிலோ எஃகிலோ வாங்கிவிடுங்கள். விலை கூடத்தான், ஆனால் ஒரு பெட்டி பல வருடம் வரும்.

மீன் மாட்டியதும் படகை நிறுத்தாதீர்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். எண்ணியைப் படித்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுச் சுருட்டத் தொடங்குங்கள். போர்டு வந்ததும் பக்கத்தில் இருப்பவர் அதைக் கழற்ற வேண்டும், அடுத்து குண்டை. அதுவரை கோலைத் தாழ்த்தாமல், நூலைத் தளரவிடாமல் பிடித்திருங்கள். மீன் பெட்டிக்குள் போனதும் அதே லூர், அதே குண்டு, அதே எண், மறுபடியும் தண்ணீருக்குள்.